நாலாவது மண்

பள்ளிப்பட்டுப் பக்கம் அவருக்குப் பள்ளத்தம்மா என்று பெயர். வந்த வாரத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. சொந்தப் பெயரும் எனக்குத் தெரியும், எழுதவில்லை. முடிவு தெரியாத வேலையோடு தன் பெயர் சேர்ந்து வருவதை அவர் விரும்பமாட்டார்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். தெற்கே ஏதோ ஊர். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துணித் தொப்பி, இடுப்பில் ஒரு பை. பைக்குள் ஒரு கொத்துக்கரண்டி, இஸ்திரி போடுகிறவர்கள் துணியில் தண்ணீர் தெளிக்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு புட்டி. கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. கேட்டவர் வேறு பேச்சுக்குப் போன பிறகு வரும்.

"மழை வருமாம்மா?" என்று டீக்கடைக்காரர் ஒரு நாள் பேச்சுக்குக் கேட்டார். இவர் டம்ளரை வைத்துவிட்டு ரோட்டுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, "மேகம் இருக்கு" என்றார்.

"அது எனக்கும் தெரியுதும்மா."

"எனக்கும் அவ்வளவுதாங்க தெரியுது."

திருத்தணி லாட்ஜில் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டதற்கு, "பத்துக்குக் குறையாது, அறுபதுக்கு மேல போகாது" என்றாராம். மேனேஜர் என்னிடம் வந்து, "சார், இந்தம்மா ரூம் கேக்குதா, இல்ல எங்கியாச்சும் மாப்ளைக்கு வயசு சொல்லுதா?" என்றார்.

பூமிக்குள் இருக்கும் பிளவுகளை ஆராய்வது அவர் தொழில். பிளவு என்றதும் நான் சுவர் விரிசல் போல வாய் திறந்து கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டு பெரிய பாறைத் துண்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து இறுகிக் கிடக்கும் இடம் அது. ஆயிரக்கணக்கான வருடம் அசையாமல் முட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் தாங்காமல் ஒரு சாணோ ஒரு முழமோ நழுவும். பிறகு மறுபடி இறுகிவிடும். அந்த நழுவல்தான் நமக்கு நிலநடுக்கம். கடைசியாக எப்போது நழுவியது, அதற்கு முன் எப்போது, நடுவில் எவ்வளவு காலம் சும்மா இருந்தது என்று தெரிந்தால் இனி வரப்போவதைப் பற்றி ஏதாவது சொல்லலாம். அந்தக் காலத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே பிளவுக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி, அதன் சுவரில் எந்தெந்த மண் அடுக்கு அறுபட்டிருக்கிறது, எது அறுபடவில்லை என்று பார்ப்பார். அறுபட்ட அடுக்குக்குப் பிறகு, அறுபடாத அடுக்குக்கு முன்பு நழுவல் நடந்திருக்கிறது. கணக்கு அவ்வளவுதான்.

நான் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பக்கத்து எல்லைக் கற்கள் எங்கே புதைந்திருக்கின்றன என்று எனக்குத் தெரியும், தெலுங்கும் வரும் என்று யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தார். எனக்கு மூட்டு வலி, பஸ்ஸில் நிற்க முடியாது, பள்ளிப்பட்டு ரோடு குலுக்கிற குலுக்கலில் இடுப்பு கழன்றுவிடும். இருந்தும் ஒப்புக்கொண்டேன். காரணம் என் வீட்டில் இருந்தது.

அந்தக் கார்த்திகையில் ஒரு காலை எங்கள் வீடு ஒரு முறை சிலிர்த்தது. அரை டம்ளர் காபி குடிக்கும் நேரம். பரண்மேல் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. ஒரு சொம்பு உருண்டு கீழே கட்டிலில் விழுந்தது, என் மனைவி தலை வைக்கும் பக்கம். அவள் அப்போது அடுப்படியில் இருந்தாள். ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை. ஆனால் அன்று ராத்திரி அவள் பின்கட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தாள். மறுநாளும் அங்கேதான். மார்கழி பிறந்தும் உள்ளே வரவில்லை.

அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. மலையிலிருந்து இறங்குகிற பனி விடியற்காலையில் போர்வையைப் பிழியலாம் போல நனைத்துவிடும். நான் அவளுடைய மாத்திரை அட்டையைத் தினமும் எண்ணுகிறவன். ஒரு மாதத்துக்கு வரவேண்டியது மூன்றாவது வாரத்திலேயே தீர்ந்தது. எங்கள் வீடு திருத்தணியில், ரயில் பாதைக்குப் பின்னால். ஒவ்வொரு சென்னை ரயில் போகும்போதும் எழுந்து உட்கார்ந்து கையால் தரையைத் தொட்டுப் பார்ப்பாள்.

ஒண்ணும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். ஆர்.கே.பேட்டையிலிருந்து அவள் தம்பி வந்து சொன்னான். மலைக்கோயிலில் தெரிந்த குருக்கள் சொன்னார். பக்கத்து வீட்டம்மா சொன்னாள். நானும் சொன்னேன்; என்னைக் கணக்கில் ஒன்றாகத்தான் சேர்க்கிறேன், ஆனால் நாளுக்கு நாலு தடவை சொல்லியிருப்பேன். "ஆங், சொல்லுவீங்க" என்பாள். படித்தவர் ஒருவர், இதையே தொழிலாக வைத்திருப்பவர் வந்து சொன்னால் கேட்பாள் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே முதல் நாளே பஸ்ஸில் கேட்டேன்.

"ஒரு தடவை வீட்டுக்கு வந்து, ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா."

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"பள்ளம் சொன்னா சொல்றேன் சார்."

பள்ளம் அப்போது இன்னும் வெட்டவே இல்லை.

தெலுங்கு பேசும் ஒரு விவசாயியின் நிலத்தில் வெட்டினார்கள். அவரை ஊரே நைனா என்று கூப்பிட்டது. பொங்கல் முடிந்ததும் வேர்க்கடலை விதைக்க வேண்டும், அதற்குள் மூடிக்கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. ஜேசிபி வைத்து ஒரு பஸ் நீளத்துக்கு, ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாகத் தோண்டிய பிறகு, ஒரு பக்கச் சுவரைக் கையால் செதுக்கிச் சீராக்க ஆறு பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி குப்பம்மா. அறுபது வயது, வெற்றிலை வாய், யாரையும் விடாத வாய்.

பள்ளத்தம்மா சுவரில் சாண் சாணாக ஆணி அடித்து நூல் கட்டிக் கட்டம் போட்டார். புட்டியிலிருந்து தண்ணீர் அடிப்பார். ஈரத்தில் மண்ணின் நிறங்கள் தெளியும். ஒவ்வொரு கட்டமாக வரைவார், படம் பிடிப்பார். ஒரு நாளைக்கு மூன்று கட்டம், நான்கு கட்டம். எனக்குப் பொறுமை போய்விடும். சில இடத்தில் துளி மண்ணைக் கிள்ளி வாயில் போட்டு முன்பல்லால் கடித்துப் பார்ப்பார். முதல் முறை அதைப் பார்த்ததும் குப்பம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"இன்னாம்மா, மண்ணைத் துன்ற? மாசமா கீறியா?"

"இல்ல குப்பம்மா. நறநறன்னா மணல். வழவழன்னா களி."

"அப்ப எங்க ரேசன் அரிசிய ஒரு வாய் துன்னு சொல்லேன், அது இன்னான்னு?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் கலந்திருக்கலாம்" என்றார். பெண்கள் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதுபோல அவர் நின்றார்.

சுவரில் ஐந்து அடுக்குகள். நான் எண்ணினால் ஆறு வரும். "அது நிழல் சார்" என்பார். அடியில் மஞ்சள் களி, மேலே கூழாங்கல், அதற்கு மேல் மணல். இந்த மூன்றும் ஓர் இடத்தில் சாய்வாக அறுபட்டு, ஒரு பக்கம் ஒரு முழம் இறங்கியிருந்தது. அடுக்கி வைத்த புடவைகளில் பாதியைப் பிடித்து யாரோ கீழே இழுத்த மாதிரி. சர்வீஸ் முழுக்க எல்லைக் கல் நட்டவன் நான். கல் நகர்ந்திருக்கிறது என்று யாராவது மனு கொடுத்தால் பக்கத்து நிலத்துக்காரனைத்தான் சந்தேகப்படுவேன். அந்த ஒரு முழத்தைப் பார்த்தபோது நான் நட்ட கற்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

ஐந்தாவது, மேலே ஏர் ஓடும் மண். அது எப்போதும் கலைந்துகொண்டே இருப்பது. அதில் ஒன்றும் தெரியாது. நடுவில் நாலாவது, சாம்பல் நிறத்தில். எல்லாம் அதில்தான் இருந்தது. நாலாவது மண் அறுபடாமல் இருந்தால், அது படிந்த நாளிலிருந்து இந்தப் பிளவு நழுவவில்லை என்று அர்த்தம். அது மிகப் பழைய மண். என் மனைவியிடம் தைரியமாகச் சொல்லலாம். அறுபட்டிருந்தால் கதை வேறு.

அந்தக் கட்டத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது போகிக்கு இரண்டு நாள் இருந்தது. சாயங்காலம், வெளிச்சம் இறங்கிவிட்டது. முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பஸ்ஸில் நான் கேட்டேன்.

"நாலாவது?"

"அறுபடாத மாதிரி இருந்தது சார்."

"அப்போ வீட்டுக்கு வரலாமே."

"நாளைக்கு வெயில்ல பார்க்கணும். படம் எடுக்கணும்."

மறுநாள் அவருடைய மேலதிகாரி வந்தார். ரயிலில் வந்தவரைக் கூட்டிவர நாங்கள் இருவரும் திருத்தணி ஸ்டேஷனில் நின்றோம். பள்ளத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வரப்பில் இறங்கும்போதே குப்பம்மாவின் ஆட்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. தலை வாரி, பூ வைத்திருந்தார்கள். பள்ளத்தின் வாயில் ஒரு கோலம்.

உள்ளே சுவர் முழுவதையும் செம்மண் குழைத்துப் பூசி மெழுகியிருந்தார்கள். மேல் விளிம்பில் சுண்ணாம்புப் பட்டை. பொங்கலுக்குத் தங்கள் வீட்டுச் சுவரைச் செய்கிற அதே பதம், அதே வழவழப்பு. காலையில் வந்து அத்தனை கையும் சேர்ந்து செய்த வேலை.

"பெரிய ஆபீசர் வராரு, குழி மூஞ்சி சொறி புடிச்சாப்ல கெடந்தா நல்லாவா கீது?" என்றாள் குப்பம்மா. ஒரு பவுடர் டப்பாவை நீட்டினாள். "ஆணி அல்லாம் இதுல கீது. ஒண்ணு கூடத் தொலையல. நூலையும் சுத்தி வச்சிட்டேன்."

பள்ளத்தம்மா டப்பாவை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். சுவரில் கையை வைத்தார். பூச்சு இன்னும் ஈரம்; அடியிலிருந்த மண்ணும் அதோடு குழைந்து வந்தது.

மேலதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. களைத்த மனிதராக இருந்தார். வரப்பில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். "நாலாவது லேயர்தானே பாக்கி? நேத்து பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தேன் சார். அறுபடாத மாதிரி இருந்தது."

"அப்போ அறுபடலன்னு எழுதிடுங்கம்மா. நீங்க பார்த்தா போதும்."

"வெளிச்சம் இல்ல சார். மாதிரின்னுதான் சொல்ல முடியும்."

"இதுக்காக இன்னொரு பள்ளம் யாரும் வெட்டித் தர மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

எழுதியிருந்தால் அவருக்கு அந்த வேலை முடிந்திருக்கும். எனக்கும்தான். நான் தொண்டையைக் கனைத்தேன், அவர் திரும்பவில்லை.

குப்பம்மாவுக்கு எங்கள் முகங்களிலிருந்தே விஷயம் புரிய ஆரம்பித்தது. "இன்னாம்மா, தப்பாயிடுச்சா?" என்றாள். வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பள்ளத்தம்மா சொன்னார்: "நல்லா மெழுகியிருக்கீங்க குப்பம்மா. எனக்கு வேண்டியது போயிடுச்சு."

குப்பம்மா அப்படியே கோலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் சோற்று டப்பாவைத் திறக்கவில்லை. இந்தப் பெண்மணிக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று நினைத்துக்கொண்டே நான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் பள்ளத்தம்மாவும் குப்பம்மாவும் மட்டும் பள்ளத்துக்குள் இருந்தார்கள். மற்றவர்கள் போகிக்கு வீட்டைக் கவனிக்கப் போய்விட்டார்கள். பூச்சைச் சுரண்டி, அதற்குப் பின்னால் ஒரு கையளவு மண்ணையும் செதுக்கி, புதுச் சுவர் எடுத்தார்கள். குப்பம்மா ஒரு கரண்டி, இவர் ஒரு கரண்டி. சாயங்காலத்துக்குள் நாலாவது மண் மறுபடி வெளியே வந்தது. அறுபட்டிருந்தால் தெரியவேண்டிய சரியான இடத்தில் ஓர் எலி வளை. எந்தக் காலத்திலோ எலி குடைந்து, பிறகு தூர்ந்து, மேல் மண்ணும் கீழ் மண்ணும் கலந்து கிடந்தது. பிளவு அந்த அடுக்குக்குள் ஏறியதா, கீழேயே நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாது.

"இன்னும் ஒரு கை உள்ள போலாமா?" என்றாள் குப்பம்மா.

மேலேயிருந்து நைனா எட்டிப் பார்த்தார். "சால்லம்மா, போதும். மேல வரப்பு ஜாருது" என்றார். உண்மைதான். வரப்போரம் பிளந்து, ஒரு கட்டி மண் அப்போதே உள்ளே விழுந்தது. பள்ளத்தம்மா குப்பம்மாவின் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார். மேலே வந்த பிறகும் குப்பம்மா அந்தக் கையை விடவில்லை. அவர்களுக்குள் என்ன தீர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

பொங்கல் கழிந்து பள்ளத்தை மூடினார்கள். ஊருக்குக் கிளம்புகிற அன்று பள்ளத்தம்மா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார், சாப்பிட அழைத்திருந்தேன். வாசலிலேயே மடக்கி, "அவகிட்ட மட்டும் அந்த ஒரு வார்த்தை" என்று மறுபடி கெஞ்சினேன். தலையாட்டினாரா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை.

சாப்பிட்டு முடிக்கிறவரை என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. மோர் ஊற்றும்போது கேட்டாள்.

"மறுபடி வருமாம்மா?"

"வரும்."

நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

"எப்போ?"

"தெரியாதும்மா. எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகலாம். இன்னிக்கே வந்தாலும் வரலாம். அதைப் பார்க்கத்தான் வந்தேன். பார்க்க முடியல."

"பெருசா வருமா?"

"முன்னாடி ஒரு தடவை பெருசா வந்திருக்கு. இவ்வளவு." கையை நீட்டி முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

என் மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இழுப்பு வந்துவிடப்போகிறது என்று நான் மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"நீங்க எங்கம்மா படுத்துக்கினு இருந்தீங்க, இத்தினி நாளு?"

"லாட்ஜ்ல. மூணாவது மாடி."

"பயமா இல்லியா?"

"இருந்தது. கட்டிலை பீரோ பக்கத்துலேர்ந்து இழுத்துப் போட்டுக்கிட்டேன்."

என் மனைவி சிரித்தாள். கார்த்திகைக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. இவர் கை கழுவிவிட்டு, "உங்க கட்டில் எங்க இருந்தது?" என்று கேட்டார். அவள் அறைக்குக் கூட்டிப்போனாள். பள்ளத்துச் சுவரைப் பார்ப்பதுபோலவே பரணை வெகு நேரம் நின்று பார்த்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறினார். பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி வாங்கிக் கீழே வைத்தாள். பதினேழு உருப்படிகள், கடைசியில் எங்கள் கல்யாணத்து அண்டா. தலைமாட்டுச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டம் போட்ட முருகன் படத்தை இறக்கி எதிர்ச்சுவரில் மாட்டினார்கள். கட்டிலை உள் மூலைக்குத் தள்ளினார்கள். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை இழுப்புக்காரி பிடித்தாள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை.

"இவ்வளவு செஞ்சீங்க. அந்த ஒரு வார்த்தையையும் சொல்லியிருக்கலாமே."

பஸ் வந்து, கண்டக்டர் இறங்கி, கூட்டம் ஏற ஆரம்பித்த பிறகு திரும்பினார்.

"யாருக்கு சார்?"

பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார். உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தொப்பி மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நான் வீடு திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. பின்வாசலில் கயிற்றுக் கட்டில் காலியாக இருந்தது. அவள் உள் மூலையில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூச்சு ஒழுங்காக வந்தது. நான் அறை வாசற்படியில் நின்று பரணைப் பார்த்தேன். பாத்திரம் இல்லாத பரணில் இத்தனை வருடம் கண்ணில் படாத சுவர் தெரிந்தது. அதற்கு மேல் உத்தரம். உத்தரத்துக்கு மேல் என்னென்ன இருக்கிறது என்று மனம் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது.

"இன்னாங்க, அங்கியே நின்னுகினு?" என்றாள் அவள் திரும்பாமலே. "பனி கொட்டுது. கதவச் சாத்திட்டு வந்து படுங்க."

"ஆங், வரேன்" என்றேன்.

உத்தரத்துக்கு அடியில் கால் எடுத்து வைக்க முடியவில்லை.